காவேரியும் கலாசாலையும்

2018-ஆம் வருஷம் பிப்ரவரி 16-ந் தேதி காவேரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு 192 டி.எம்.சி. நீர் சேரவேண்டுமென்று 2007-இல் நடுவர் மன்றம் விதித்திருந்தது. தீர்ப்பில் அது 177.25 ஆகக் குறைந்தது. குறைந்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 பெங்களூர் நகரத்தின் குடிநீருக்கென்று ஒதுக்கப்பட்டது. மீதி 10 டி.எம்.சி.க்குக் கூறப்பட்ட காரணம் யாது? தமிழ்நாட்டுப் படுகையில் நிலத்தடி நீர் உண்டு என்பதே.

இந்த ஒரு காரணத்தை எடைபோட்டுச் சொல்லவல்ல மாணவர் நமது சர்வகலாசாலைகளில் எத்தனை பேர் உளர்? சட்டம் பயில்வோர் தீர்ப்பைப் படிப்பர். கடலோர ஜில்லாக்களில் கிணற்று நீர் உப்பாயிருப்பதன் காரணத்தை அறியார். மண்ணியல் பயில்வோர் அதனை அறிவர், தீர்ப்பைத் தொட்டிரார். விவசாயக் கலாசாலை மாணவர் குறுவைக்கு எப்பொழுது நீர் வேண்டுமென்பதை அறிவர். 1892, 1924-ஆம் வருஷத்து ஒப்பந்தங்களைக் கண்டிரார். நாமும் சட்டம் பயின்றவர்களே. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி என்பதைக்கூட எந்த ஆசிரியரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. வெட்கத்துடனேயே இதை ஒப்புக்கொள்கிறோம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வகுத்த நான்காண்டுப் பட்டத் திட்டத்தால் 'ஆனர்ஸ்' என்னும் பெயர் மறுபடியும் பரவி வருகிறது. பெயர் வந்தால் போதாது; பொருள் வேண்டும். ஒரே பாடத்தில் பத்துப் புத்தகங்களுக்குப் பதில் இருபது புத்தகங்களை மனனம் செய்விப்பது ஆனர்ஸ் ஆகாது. ஆகவே, காவேரியைப் பொருளாகக் கொண்டு, பல துறை மாணவரும் ஒருங்கே அமர்ந்து ஆராயும் ஆனர்ஸ் வகுப்பொன்றை நமது சர்வகலாசாலைகள் தொடங்கவேண்டுமென்று பிரேரேபிக்கிறோம்.

இது நூதனமன்று. 1920-இல் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா கலாசாலையில் ஜான் எர்ஸ்கின் ஆரம்பித்த ஆனர்ஸ் வகுப்பில் பிரசங்கமே இல்லை. வாரத்துக்கு ஒரு நூல். அதைப் பற்றி மாலையில் சம்பாஷணை. ஒவ்வொரு வகுப்புக்கும் ஆசிரியர் இருவர். 1922-இல் ஸ்வார்த்மோர் கலாசாலையில் பிராங்க் எய்டலாட் ஏற்படுத்திய முறையில், மாணவரைப் பரீட்சித்தவர்கள் வெளியிலிருந்து வந்த அறிஞர்கள். ஆசிரியரும் மாணவரும் ஒரே பக்கம் நின்று பரீட்சையை எதிர்கொண்டனர். இவ்விரண்டு ஏற்பாடுகளையும் நாம் கைக்கொள்ளலாம்.

வகுப்பின் அமைப்பு வருமாறு இருக்கலாம். மாணவர் பதினைவர், ஐந்து துறைகளிலிருந்து மும்மூவர். ஆசிரியர் இருவர், ஒருவர் சட்டம் அறிந்தவர், மற்றவர் நீரியல் அறிந்தவர். இருவரும் எப்பொழுதும் உடனிருத்தல் வேண்டும். அபிப்பிராய பேதம் உண்டானால் அதை மாணவர் முன்னிலையிலேயே பேசித் தீர்க்கவேண்டும். காலம் பதினைந்து வாரம்.

முதல் மூன்று வாரம் ஒப்பந்தங்களையும் தீர்ப்பையும் மூலத்திலேயே படிக்கவேண்டும். அடுத்த மூன்று வாரம் நதி: தென்மேற்குப் பருவமழை குடகு மலையில் பெய்வதும், வடகிழக்குப் பருவமழை டெல்டாவில் பெய்வதும், 1934-இல் முடிந்த மேட்டூர் அணையின் கொள்ளளவான 93.47 டி.எம்.சி.யும். பின்னர் மூன்று வாரம் பயிர்: குறுவை, சம்பா, தாளடி. அதன்பின் இரண்டு வாரம் சரித்திரம்: கல்லணை, 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணை, ஏரி வாரியத்தைப் பற்றிக் கூறும் உத்தரமேரூர்ச் சாசனம். பன்னிரண்டாம் வாரம் மேட்டூர் முதல் பூம்புகார் வரை யாத்திரை. முக்கொம்பில் ஒரு பகல் தங்கவேண்டும். தீர்ப்பில் நீர் குறைந்த அதே 2018-இல், ஆகஸ்டு மாதம் பெருகி வந்த வெள்ளத்தில் அந்த அணையின் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தன. கேட்டுப் பெறுவதும், பெற்றதைக் காப்பதும் ஒரே கடமையின் இரு பாதிகள் என்பதை அவ்விடத்தைப் போல் எந்தப் புத்தகமும் போதிக்காது.

கடைசி மூன்று வாரம் நடுவர் மன்றம். மாணவரே வக்கீல்கள், வெளியிலிருந்து வரும் ஓர் எஞ்சினீயரும், ஒரு வக்கீலும், ஒரு மிராசுதாரும் நடுவர்கள். அவர்களே மதிப்பெண்ணும் இடுக. ஆனால் ஒரு நிபந்தனை: ஒவ்வொரு மாணவரும் ஒரு முறையேனும் கர்நாடகத்தின் கட்சியைப் பேசவேண்டும்.

இதைக் கேட்டு நம் அன்பர்களில் சிலர் முகஞ் சுளிப்பர் என்பதை அறிவோம். எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் முழு பலத்தோடும் அறியாத வக்கீல் தம் கட்சிக்காரரையே கெடுப்பார். மேடைகளில் நாம் எழுப்பும் கோஷம் நியாயமானதே. ஆனால் நீதிமன்றத்தில் கோஷம் சாட்சியாகாது. அங்கே பத்து டி.எம்.சி.க்குக் கணக்குக் காட்டவேண்டும்.

பல துறைகளைத் தொட்டால் எதிலும் ஆழம் இராது என்பது மற்றோர் ஆட்சேபம். மாணவர் தம் துறையை விட்டுவிடவேண்டுமென்று நாம் கூறவில்லை. தம் துறையை நன்கு கற்றவருக்கே இங்கு இடம். அயல் துறையாருக்கு விளங்கும்படி அதை எடுத்துரைக்க முயலும்போதுதான் தம் கல்வியின் ஆழத்தை அவர் அறிவார். செலவு அதிகமென்பதும் பொருந்தாது. இதற்குக் கட்டடம் வேண்டாம். ஒரு மேஜை, பதினேழு நாற்காலிகள், ஒரு வாரப் பிரயாணச் செலவு போதும். அருமையானது ஆசிரியரின் நேரமே. இரண்டு ஆசிரியரையும் வேறொரு வகுப்பிலிருந்து விடுவிக்கச் சிண்டிகேட்டார் மனம்வைக்கவேண்டும்.

வரும் கல்வியாண்டில் ஒரே ஒரு சர்வகலாசாலையாவது துணியட்டும். பதினைந்து பேர் கற்றுவந்தால் போதும். அடுத்த முறை காவேரிக்காக நாம் ஊர்வலம் போகும்போது, அதில் கணக்கறிந்த பதினைந்து பேர் நம்மோடு நடப்பார்கள்.