ஆய்வுக்குப் பிறகு ஒரு பேரம்

அமெரிக்காவில் வாடகை அடுக்குமாடிக் கட்டடம் வாங்குபவருக்கு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதோடு விலை முடிந்துவிடுவதில்லை. பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஆய்வுக்கென்று சில வாரங்கள் கெடு உண்டு. அதற்குள் விலகினால் முன்பணம் திரும்ப வரும். கெடு தாண்டினால் பொதுவாக வராது. வாங்குபவரின் கை ஓங்கியிருப்பது அந்தச் சில வாரங்களில்தான்.

மங்கிய பெயிண்டையும் பழைய அடுப்பையும் காட்டி விலை குறைக்கக் கேட்பது எடுபடாது. அவற்றைக் கண்ணால் பார்த்துத்தானே விலை பேசினார்? மறைந்திருந்து வெளிப்பட்ட குறைக்குத்தான் மதிப்பு. கழிவுநீர்க் குழாய்க்குள் கேமராவை இறக்கினால், துருவேறி விரிசல் விட்ட வார்ப்பிரும்பு தெரியவரும். 1978 முதல் 1995 வரை பரவலாகப் பதிக்கப்பட்ட பாலிபியூட்டிலீன் தண்ணீர்க் குழாய்கள் கசிவுக்குப் பேர்போனவை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் 2015-ல் பால்கனி இடிந்து 6 பேர் இறந்தபின், மூன்று வீடுகளும் அதற்கு மேலும் உள்ள வாடகைக் கட்டடங்களின் மரப் பால்கனிகளை ஆய்வு செய்வதை 2018-ல் அம்மாநிலம் சட்டமாக்கியது. எந்தக் குறையானாலும் ஒப்பந்தக்காரரின் எழுத்துபூர்வ எஸ்டிமேட் இல்லாமல் பேச்சு நகராது.

குழாயைவிட வாடகைக் கணக்கு அதிகம் கடிக்கும். விற்பவர் தந்த பட்டியலில் இரண்டு வீடுகளுக்குத் தலா 1,500 டாலர் வாடகை என்றிருக்கும். குடியிருப்பவர்கள் கையெழுத்திட்டுத் தரும் உறுதிக் கடிதத்திலோ 1,000 என்றிருக்கும். ஆண்டுக்கு 12,000 டாலர் குறைகிறது. 6 சதவீத நிகர வருமானத்தை வைத்து விலை போட்டிருந்தால், கட்டடத்தின் மதிப்பில் 2 லட்சம் டாலர் போயிற்று!

விலைக் குறைப்பா, கிரயத்தன்று விற்பவர் தரும் கழிவா என்பது அடுத்த கேள்வி. முக்கால் பங்கு வங்கிக் கடன் என்றால், ஒரு லட்சம் டாலர் விலை குறைந்தாலும் கைப்பணத்தில் மிச்சம் 25,000தான். கழிவாக வாங்கினால் பழுதுபார்க்க முழுத் தொகையும் கையில் நிற்கும். ஆனால் கழிவுக்குக் கடன் கொடுப்பவர் வரம்பு வைப்பதுண்டு.

விற்பவர் மறுக்கலாம், குறிப்பாக வேறொருவர் வரிசையில் நின்றால். ஆனால் தெரிந்துபோன குறையை அடுத்தவரிடம் மறைத்தால் வழக்கு வரக்கூடும் என்பதால் பலர் பாதியிலாவது இறங்கி வருவார்கள். விலையைக் கூட்டிச் சொல்லி ஒப்பந்தத்தைப் பிடித்துவிட்டுப் பிறகு குறைப்பதையே வழக்கமாக்கிய வாங்குபவர்களைத் தரகர்கள் மறப்பதில்லை. ஒப்புக்கொண்டது எதுவானாலும், கெடு முடியுமுன் ஒப்பந்தத் திருத்தமாக எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். பேச்சு இழுத்தால், கெடு நீட்டிப்பும் எழுத்தில்தான்.