ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நெஞ்சு எரிகிறதா?

வைத்தியத்துக்கு வருகிறவர்களிடம் பெயரும் வயதும் கேட்ட கையோடு நான் கேட்கிற அடுத்த கேள்வி, "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்பதுதான். 'வயிற்று வலிக்கு மருந்து கேட்க வந்தால், உத்தியோகத்தை விசாரிக்கிறாரே!' என்று சிலர் முகம் சுளிப்பதும் உண்டு.

காரணம் இருக்கிறது. அடுப்பு, உலை என்று அனலில் நிற்கிறவருக்குப் பித்தம் மிகும். ராத்திரி கண் விழிக்கிறவருக்கும், ஓயாமல் பயணம் செய்கிறவருக்கும் வாதம் கெடும். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல், பகலிலும் தூங்குகிறவருக்குக் கபம் சேரும். தொழிலைத் தெரிந்துகொள்ளாமல் சித்த வைத்தியர் நோயைக் கணிக்க முடியாது.

இப்போதெல்லாம் கூடவே இன்னொரு கேள்வியும் கேட்கிறேன். "அந்த வேலை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

கிழமை பார்த்து வரும் நோய்

சிலருக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி பரோட்டா சாப்பிட்டாலும் ஒன்றும் செய்யாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இட்லி சாப்பிட்டாலும் நெஞ்சு எரியும். லீவு நாளில் எட்டிப் பார்க்காத தலைவலி, திங்கட்கிழமை காலையில் தவறாமல் வந்துவிடும். இப்படிக் கிழமை பார்த்து வரும் உபாதைக்கு மருந்து மட்டும் போதாது.

அதற்காக எல்லாப் பழியையும் வேலை மேல் போட்டுவிடக் கூடாது. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை ஆகியவையும் ஆளை அசத்திவிடும். எடை குறைகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, நடந்தால் நெஞ்சு அடைக்கிறது என்றால் முதலில் முறையான பரிசோதனை. மற்றதெல்லாம் பிறகு.

பரிசோதனையில் ஒன்றுமில்லை, ஆனால் களைப்பு தீரவில்லை என்றால்? உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் 'பர்ன் அவுட்' என்பதற்கு விளக்கம் இருக்கிறது. இதை நோய் என்று அது சொல்லவில்லை. வேலையிடத்தின் ஓயாத நெருக்கடியால் வரும் நிலை என்கிறது. அடையாளங்கள் மூன்று: சக்தியெல்லாம் வடிந்துபோன களைப்பு, வேலை மேல் ஒரு விலகலும் வெறுப்பும், 'நம்மால் உருப்படியாக எதுவும் செய்ய முடியவில்லை' என்ற நினைப்பு.

வேலை பிடித்திருந்தாலும் அளவு வேண்டும். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைக்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைக்கிறவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவிகிதம் அதிகம் என்று அதே நிறுவனமும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் அறிவித்தன.

பிடிக்காதது எது?

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி. முப்பத்து நாலு வயது. மூன்று மாதத்தில் நாலாவது முறையாக நீர்க்கடுப்பு. கால் நரம்பும் புடைத்திருந்தது.

"இந்த வேலையே பிடிக்கலைங்கய்யா. விட்டுடப் போறேன்."

"சேலை எடுத்துக் காட்டுறது பிடிக்கலையாம்மா?"

முகம் மாறியது. "அது பிடிக்கும்ங்கய்யா. எந்த நிறத்துக்கு எந்த நிறம் எடுக்கும்னு என்னைத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க. பத்து மணி நேரம் நிக்கிறதுதான் முடியலை. பாத்ரூம் போகக் கூடாதுன்னு தண்ணியே குடிக்கிறதில்லை."

சித்த மருத்துவம் அடக்கக் கூடாத 14 வேகங்களைச் சொல்கிறது. சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், தும்மல், கண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். அடக்கினால் ஒவ்வொன்றும் ஒரு நோயைக் கொண்டு வரும். அந்தப் பெண்மணிக்குப் பகையாக இருந்தது தொழில் அல்ல. அடக்கி வைத்த வேகம்.

தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை வசதி தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். இதைச் சொன்னதும், கூட வேலை பார்க்கும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் பேசினார். ஸ்டூல் வந்தது. தண்ணீரும் மருந்தும் ஒழுங்காக உள்ளே போனதும் கடுப்பு தணிந்தது. இன்றும் அதே கடையில்தான் இருக்கிறார்.

அப்பா எழுந்து போன பிறகு...

எல்லாருக்கும் ஸ்டூல் போட்டுத் தீர்த்துவிட முடியாது. சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் இருபத்தாறு வயதுத் தம்பி ஒருவரை, ரிட்டயரான அவர் அப்பா அழைத்து வந்தார். இரண்டு வருஷமாக நெஞ்செரிச்சல், தூக்கமில்லை. எண்டோஸ்கோப்பியில் பெரிதாக எதுவும் இல்லை.

"வேலை பிடிச்சிருக்கா தம்பி?" "பிடிச்சிருக்கு சார்." அப்பா பில் கட்ட எழுந்து போனதும், "சார், எனக்குக் கணக்கு சொல்லித் தரணும். சனிக்கிழமை அபார்ட்மென்ட் பசங்களுக்கு எடுக்கிறேன். அன்னைக்கு மட்டும் மாத்திரையே வேண்டியிருக்கல" என்றார்.

கல்விக் கடன் பாக்கி இருந்தது. தங்கைக்குக் கல்யாணம் ஆக வேண்டும். "நாளைக்கே ராஜினாமா கடிதம் கொடுக்காதீங்க" என்றேன். அப்பாவை அழைத்து மூன்று பேருமாகக் கணக்குப் போட்டோம். கடன் முடிய ஒன்றரை வருஷம் என்று தெரிந்தது. எப்போது முடியும் என்று தெரிந்ததே அந்தப் பிள்ளைக்குப் பாதி மருந்து!

கடன் முடிந்தது. பி.எட். படித்தார். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார். சம்பளம் பழையதில் பாதிகூட இல்லை. அப்பாவுக்கு வருத்தம் இன்னும் முழுசாகத் தீரவில்லை; உறவுக்காரர்கள் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாராம். மகனுக்கு நெஞ்செரிச்சல் எப்போதாவது வருகிறது, அதுவும் பரீட்சைப் பேப்பர் திருத்தும்போது!

விருப்பம் பழகி வருவது

'எனக்கு எதில் விருப்பம் என்றே தெரியவில்லையே' என்கிற இளைஞர்கள் பயப்பட வேண்டாம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் என்னோடு படித்தவர்களில், எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் வந்து சேர்ந்தவர்கள் நிறையப் பேர். முதல் வருஷம் முழுக்க முகம் தொங்கிக் கிடந்தது. பிறகு குணபாடத்தில் மூலிகையைத் தொட்டு, மோந்து அடையாளம் காணவும், வறட்டியை எண்ணி அடுக்கிப் புடம் போடவும் கற்றோம். கை பழகப் பழக மனசும் பழகியது. அவர்களில் பலர் இன்று நல்ல வைத்தியர்கள். ஒருவர் மட்டும் விட்டுவிட்டு பாங்க் பரீட்சை எழுதிப் போனார். அவர் அங்கே சந்தோஷமாக இருக்கிறார். அதுவும் சரிதான்.

உங்களையே கேளுங்கள்

1. நேரம் போனது தெரியாமல் நான் செய்கிற காரியம் எது?

2. என் களைப்பு ஒரு நல்ல தூக்கத்தில் தீர்கிறதா, தீரவில்லையா?

3. எனக்கு ஆகாதது வேலையா, மேலதிகாரியா, ஷிப்டா, பஸ் பயணமா?

4. சம்பளம் குறைந்தால் வீடு எத்தனை மாதம் தாங்கும்? (மனக்கணக்கு வேண்டாம், பேப்பரில் போடுங்கள்.)

5. நான் ஆசைப்படும் வேலையைச் செய்கிற ஒருவரோடு ஒரு முழு நாள் இருந்து பார்த்தேனா?

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஐந்தாவது கேள்வி மிக முக்கியம். கவுன்சலிங் நாளில் சொந்தக்காரர் சொன்னதைக் கேட்டு முடிவு செய்வதைவிட, அந்தத் தொழிலைப் பிள்ளையே ஒரு நாள் நேரில் பார்ப்பது நல்லது.

உடம்பைத் தேற்ற...

முடிவெடுக்கத் தெம்பு வேண்டும். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மதியம் நீர்மோர், இடையில் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். ராத்திரி பத்து மணிக்கு செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். வாரம் ஒரு முறையாவது எண்ணெய்க் குளியல். அமுக்கரா சூரணம் நல்ல மருந்துதான்; ஆனால் கர்ப்பிணிகள், தைராய்டு அல்லது கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தூக்க மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

'வாழ்க்கையே வேண்டாம்' என்ற நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416-க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு நோட்டில் ஏழு நாளும் எழுதுங்கள்: எப்போது நெஞ்சு எரிந்தது, எப்போது தலை வலித்தது, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எப்போது மனசு லேசாக இருந்தது. வைத்தியரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். கையைப் பிடித்து நாடி பார்க்கும் முன்பே, பாதி விஷயம் அவருக்குத் தெரிந்துவிடும். உங்களுக்கும்தான்!