பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு: பயணத்திற்கு மிரர்லெஸ் கேமரா வாங்குவோரின் உரிமைகள்

பயணத்திற்கென மிரர்லெஸ் கேமரா வாங்குவது பற்றிய பேச்சு பெரும்பாலும் மெகாபிக்சலிலும் லென்ஸின் கூர்மையிலுமே நின்றுவிடுகிறது. ஆனால் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்த்து வரும் சம்பளத்திலிருந்து மாதத் தவணை கட்டி ஒரு கேமராவை வாங்குகிற ஒருவருக்கு, அது பழுதானால் யாரிடம் போய்க் கேட்பது என்பதும் படம் எவ்வளவு தெளிவாக விழும் என்பதற்கு இணையான கேள்வியே. மிக்ஸியும் வாஷிங் மெஷினும் பழுதானால் வீட்டில், கடைக்குப் பக்கத்தில் பழுதாகின்றன. பயணக் கேமராவின் குறையோ ஊரைவிட்டு நெடுந்தொலைவு போன பிறகு, பல வேளைகளில் வாங்கி மாதக்கணக்கான பின்பு வெளிப்படுகிறது. ஆகவே எந்தக் கேமரா என்று தேர்ந்தெடுக்கும்போதே, அதனோடு எந்த உரிமை சேர்ந்து வருகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

முந்தைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களில், லென்ஸ் வழியே வரும் ஒளியை மேலிருக்கும் வியூஃபைண்டருக்குத் திருப்பிவிட உள்ளே ஒரு கண்ணாடி இருந்தது. அதை எடுத்துவிட்டு, ஒளியை நேரே சென்சாரில் விழச் செய்து, அந்தக் காட்சியை மின்திரையில் காட்டுவதே மிரர்லெஸ் எனப்படுகிறது. கண்ணாடிக்கான இடம் தேவைப்படாமல் போனதால் லென்ஸ் பொருந்தும் வளையத்திற்கும் சென்சாருக்கும் இடையிலுள்ள தூரம் பெரிதும் குறைந்தது: நிகானின் பழைய எஃப் மவுண்டில் 46.5 மில்லிமீட்டராக இருந்த அது, இசட் மவுண்டில் 16 மில்லிமீட்டர்தான். இதனால் பாடி மெலிந்தது என்பது உண்மையே என்றாலும், 36-க்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ள ஃபுல் ஃப்ரேம் சென்சாருக்கு உரிய நல்ல ஜூம் லென்ஸ்கள் இன்றும் கனமாகவே இருக்கின்றன. தோளில் தொங்கும் எடையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் லென்ஸே. பயணத்தை முதன்மையாகக் கருதுவோருக்கு அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் போதுமானது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மவுண்ட் எனப்படும் அந்த வளையம் வாங்குபவரைப் பல ஆண்டுகளுக்கு ஒரே நிறுவனத்தோடு கட்டிப்போடுகிறது. சோனி 2011-ஆம் ஆண்டிலேயே தன் இ மவுண்டின் அடிப்படை விவரங்களைப் பிற லென்ஸ் தயாரிப்பாளர்களுக்குத் திறந்துவிட்டதால், அந்த மவுண்டுக்குக் குறைந்த விலை லென்ஸ்கள் மிகுதியாகக் கிடைக்கின்றன. மாறாக, கேனானின் ஆர்எஃப் மவுண்டுக்கு ஆட்டோஃபோகஸ் லென்ஸ் செய்துவந்த வில்ட்ராக்ஸ் 2022-ஆம் ஆண்டு விற்பனையை நிறுத்த நேர்ந்தது. 2024-இல்தான் சிக்மாவும் டாம்ரானும் ஏபிஎஸ்-சி அளவுக்கு மட்டும் அனுமதியோடு லென்ஸ்களை அறிவித்தன. பாடியின் விலையை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுகிறவர், பின்னால் வாங்கப்போகும் இரண்டு லென்ஸ்களின் விலையையும் அன்றைக்கே கேட்டுக்கொள்வது நல்லது.

வீடியோ எடுப்பவர்களுக்கு வெப்பம் ஒரு பெருங்கேள்வி. கேனான் நிறுவனம் 2020-ஆம் ஆண்டு ஆர்5 கேமராவை வெளியிட்டபோது, 8கே வீடியோவை 23 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஏறத்தாழ 20 நிமிடம் பதிவு செய்யலாம் என்று தானே வெளிப்படையாக அறிவித்தது. அந்த 23 டிகிரி அறைக்குள்ளிருக்கும் அளவு. அக்னி நட்சத்திர நாள்களில் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, விளம்பரத்தில் சொன்ன நேரம் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. பல கேமராக்களின் கையேட்டில் இயங்கும் வெப்பநிலையின் மேல்வரம்பே 40 டிகிரி என்றுதான் அச்சிடப்பட்டிருக்கிறது. எனவே எந்தத் தரத்தில், எந்த வெப்பநிலையில், எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓடும் என்று விற்பனையாளரிடம் எழுத்துமூலம் கேட்பது மிகையான கோரிக்கை அன்று. பொருளின் தரம், அளவு, ஆற்றல் ஆகியவற்றை அறிந்துகொள்ளும் உரிமையை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாக வழங்குகிறது. சில கேமராக்களில் பதிவு 30 நிமிடத்தை எட்டுமுன் தானே நின்றுவிடுவதற்குப் பின்னணியில் சுங்கவரியும் உண்டு என்பதை இங்குக் குறிப்பிடலாம்: தொடர்ந்து 30 நிமிடத்திற்குக் குறையாமல் பதிவு செய்யும் கருவியை வீடியோ கேமராவாகக் கருதி வரி விதிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் இருந்தது, இந்தியாவின் வரிவிலக்கு அறிவிக்கையிலும் அந்த 30 நிமிட அளவுகோல் இடம்பெற்றது.

சென்னையின் தென்புறநகருக்கே உரிய இன்னொரு இடர் ஈரப்பதம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அலமாரிக்குள் தோல் உறையில் மூடி வைத்த லென்ஸை எடுத்து, பின்மூடியைக் கழற்றி, கைபேசியின் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து உள்ளே நோக்கினால், கண்ணாடியின் ஓரத்திலிருந்து மயிரிழையைவிட மெல்லிய வெண்ணிற இழைகள், முளைவிட்ட விதையின் வேர்களைப் போலக் கிளைபிரிந்து படர்ந்திருப்பதைக் காணலாம். இதுவே லென்ஸ் பூஞ்சை. முற்றினால் கண்ணாடியின் மேற்பூச்சையே அது அரித்துவிடும். துடைத்தாலும் தடம் போகாது. பெரும்பாலான உத்தரவாத அட்டைகள் பூஞ்சையையும் நீர் புகுந்த சேதத்தையும் விலக்கியே எழுதப்பட்டுள்ளன. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்ததை நினைவில் வைத்திருக்கும் ஒரு வட்டாரத்தில், இந்த விலக்கு சிறிய எழுத்தில் இருந்தாலும் சிறிய செய்தி அன்று. ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் நிறுத்தும் உலர்பெட்டியோ, அது கட்டுப்படியாகாவிட்டால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலமோ, கேமரா வாங்கும் அன்றைய செலவுக் கணக்கிலேயே சேர்க்கப்பட வேண்டும். வெள்ளம், திருட்டு, கைதவறி விழுதல் ஆகியவற்றுக்குத் தனிக் காப்பீடு எடுப்போர், எவை விலக்கப்பட்டுள்ளன என்ற பக்கத்தையே முதலில் படிக்க வேண்டும். நியாயமற்ற முறையில் இழப்பீடு மறுக்கப்பட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

இனி, இக்கட்டுரையின் மையப் பொருளுக்கு வரலாம். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் மறுவாழ்வுக்கென 1969-ஆம் ஆண்டு உருவான பர்மா பஜார், வெளிநாட்டுக் கேமரா என்றாலே சென்னைவாசிகளுக்கு நினைவுக்கு வந்த காலம் ஒன்று உண்டு. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்த அந்நாள்களில் வேறு வழியின்றி மக்கள் பில் இல்லாமல் வாங்கினர். இன்று முன்னணி நிறுவனங்கள் இந்தியாவில் முறையாக விற்கின்றன. ஆயினும் ‘பில் இல்லாமல் எடுத்தால் பத்தாயிரம் குறையும்’ என்னும் பேரம் நகரிலும் புறநகரிலும் இன்னும் கேட்கிறது. இவ்வாறு அதிகாரபூர்வ இறக்குமதியாளர் வழியாக வராமல், வரியைத் தவிர்த்தோ பயணிகளின் பெட்டியிலோ உள்ளே வரும் சரக்கு வியாபாரிகளின் பேச்சில் கிரே மார்க்கெட் பீஸ் எனப்படுகிறது. பொருள் போலியன்று, அசல்தான். ஆனால் அதற்குரிய உத்தரவாதம் வேறொரு நாட்டில் தங்கிவிடுகிறது. சில நாடுகளில் நிலைமை இன்னும் கடுமை: தான் இறக்குமதி செய்யாத கேமராவைக் காசு கொடுத்தாலும் பழுதுபார்ப்பதில்லை என்பது நிகானின் அமெரிக்கக் கிளை வெளிப்படையாக அறிவித்துள்ள நிலைப்பாடு. டிஜிட்டல் கேமராக்களுக்கான ஜிஎஸ்டி 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து 28 விழுக்காட்டிலிருந்து 18-ஆகக் குறைக்கப்பட்டபோது இந்தப் பேரத்தின் ஆதாயம் சுருங்கியது, இழப்போ சுருங்கவில்லை.

முறையான பீஸையும் கிரே பீஸையும் பிரித்தறிய நிபுணர் தேவையில்லை. எடையளவுச் சட்டத்தின் கீழுள்ள 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி, இறக்குமதியான பொருளின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதும், மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உள்ளிட்ட அதிகபட்சச் சில்லறை விலையும், புகாருக்கான தொடர்பு விவரமும் இருந்தாக வேண்டும். நடைமுறையில் இது பெட்டியின் அடிப்பக்கத்திலோ பக்கவாட்டிலோ ஒட்டிய ஒரு வெள்ளைச் சீட்டாகவே இருக்கும். அந்தச் சீட்டு இல்லாமல் ஜப்பானிய எழுத்துகளோ அரபு எழுத்துகளோ மட்டும் காணப்பட்டால், அல்லது அவ்விடத்தில் ஏதோ கிழிக்கப்பட்ட பசைத்தடம் தெரிந்தால், பணம் கொடுக்குமுன் நிறுத்திக் கேட்க வேண்டும். அடுத்து, பெட்டியில் உள்ள சீரியல் எண், கேமராவின் அடிப்புறத்தில் பொறித்துள்ள எண், பில்லில் எழுதப்படும் எண் ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கடையிலேயே ஒப்பிட வேண்டும். ஜிஎஸ்டி எண் இல்லாத ‘எஸ்டிமேட்’ தாள் பில் ஆகாது. பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு வரையறுக்கிறது. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்திற்குள், காலம் குறிக்கப்படவில்லையெனில் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதே வரையறைக்குள் வருகிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சிட்டிருப்பதைக் கண்டு, குறையுள்ள கேமராவோடு வீடு திரும்பிவிடுபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

அந்த முதல் 30 நாள்களைக் கேமராவை அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் நாள்களாகக் கழித்துவிடக் கூடாது. ஆன்லைனில் வாங்கியதாயின், கூரியர் முகவரிச் சீட்டிலிருந்து சீரியல் எண் வரை இடையில் வெட்டாமல் ஒரே வீடியோவாகப் பெட்டி திறப்பதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பின்னர் லென்ஸ் மூடியை மாட்டியபடியே நெடுநேர எக்ஸ்போஷரில் ஒரு படம் எடுத்தால், சென்சாரின் பழுதான புள்ளிகள் கருமையில் ஒளிப்பொட்டுகளாகத் தெரியும்; வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் தூசி தெரியும்; வெயில் நேரத்தில் நிழலோரமாக வைத்து 4கே வீடியோவை நிற்கும் வரை ஓடவிட்டால் வெப்பத்தின் உண்மை தெரியும். விடுமுறை நாளில் வேடந்தாங்கலுக்குப் போய்ப் பறக்கும் நாரையின் மேல் ஆட்டோஃபோகஸ் நிற்கிறதா என்று பார்ப்பது இவை அனைத்தையும்விடச் சிறந்த சோதனை.

கேமராவைக் கொண்டு சம்பாதிப்பவருக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. வணிக நோக்கத்திற்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டம் கூறுவதைச் சுட்டி, கல்யாண வீடியோ எடுப்பவருக்கும் பயண வீடியோ வெளியிடுபவருக்கும் புகார் உரிமை இல்லை என்று விற்பனையாளர் தரப்பு வாதிடலாம். ஆனால் அதே சட்டத்தின் 2(7) பிரிவின் விளக்கம், சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கத்திலிருந்து விலக்கியுள்ளது. குன்றத்தூரில் தனியாளாகத் தொழில் செய்யும் ஒளிப்படக்காரர் நுகர்வோரே. புகார் மனுவில் அந்தச் சொற்றொடரைச் சேர்க்க மறப்பதாலேயே அவரது நிலை வலுவிழக்கக்கூடும்.

பழைய கேமரா வாங்குவோர் ஷட்டர் கவுண்ட் எனப்படும் இயக்க எண்ணிக்கையை மட்டும் கேட்டுத் திருப்தியடைகின்றனர். எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தவை பொதுவாக அதில் சேர்வதில்லை. வீடியோவுக்கே ஓடிய கேமரா குறைந்த எண்ணிக்கையுடன் இளமையாகத் தோன்றும். அதைவிட முக்கியம், வாடகைக்கு எடுத்து விற்கப்பட்டதோ திருடப்பட்டதோ அன்று என்பதற்கான சான்று. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணமிருந்தோ நேர்மையற்று வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் குற்றம். முதல் பில்லின் அசலும், விற்பவரின் அடையாளச் சான்று நகலும், சீரியல் எண் குறித்த ஒரு பக்க விற்பனைக் கடிதமும் இல்லாமல் பணம் கைமாறக் கூடாது.

உதிரி பேட்டரிகளில் இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவெண்ணும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணை இட்டுச் சரிபார்க்கலாம். விமானத்தில் உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில் மட்டுமே கொண்டுசெல்லலாம், முனைகளை டேப் ஒட்டி மறைப்பது நல்லது. வெளிநாடு செல்வோர், புறப்படும்போதே மீனம்பாக்கம் விமான நிலையத்திலுள்ள சுங்க அதிகாரியிடம் கேமராவைக் காட்டிச் சீரியல் எண் குறித்த ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுக்கொண்டால், திரும்பும்போது அது புதிதாக வாங்கியது என்று வரி கேட்கப்படும் நிலை எழாது. இங்கும் பில்லே துணை.

படமெடுக்கும் இடத்திலும் உரிமைக்கு எல்லை உண்டு. மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறைச் சின்னங்களில் கையில் பிடித்துப் படமெடுக்கலாம், முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும். தாம்பரம் விமானப்படை நிலையம் போன்ற பாதுகாப்பு வளாகங்களை நோக்கிக் கேமராவைத் திருப்புவது 1923-ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டத்தின் எல்லைக்குள் கொண்டுபோய் விடக்கூடும். கேமரா கைப்பற்றப்பட்டால், அதற்கான எழுத்துப்பூர்வப் பட்டியலைக் கேட்டுப் பெற்று, நீதித்துறை நடுவரிடம் மனு செய்து பொருளைத் திரும்பக் கோரலாம்.

குறையுள்ள கேமராவுக்குத் தீர்வு தேடுவோர் முதலில் விற்பனையாளருக்கும் இறக்குமதியாளருக்கும் மின்னஞ்சலும் ஒப்புகை பெறும் விரைவுத் தபாலும் அனுப்ப வேண்டும்; சர்வீஸ் சென்டரில் கொடுக்கும்போது, குறை என்ன என்பது வேலைச்சீட்டில் வாடிக்கையாளர் சொன்னபடியே எழுதப்பட்டுள்ளதா என்று படித்துவிட்டே கையெழுத்திட வேண்டும். அடுத்த படி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருள்கள் அதன் வரம்பில் அடங்கும்; 5 லட்சம் வரை கட்டணமே இல்லை; வழக்கறிஞர் கட்டாயமில்லை; குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். முந்தைய நுகர்வோர் சட்டத்தில் பெரும்பாலும் எதிர்த்தரப்பு இருக்கும் ஊருக்கே போக வேண்டியிருந்தது. இப்போது 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, டெல்லியிலுள்ள ஆன்லைன் விற்பனையாளர் மீதும் மனுதாரர் தாம் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குத் தொடுக்கலாம். திருமுடிவாக்கம் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் தாம்பரமும் பல்லாவரமும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருப்பதால், தாம்பரத்தில் குடியிருந்து சிட்கோவில் பணிபுரியும் ஒருவர் இரண்டில் தமக்கு வசதியானதைத் தேர்ந்துகொள்ள முடியும். ஆய்வுக்கூடச் சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிடக் காலம் பிடிக்கலாம். அதுவரை பெட்டியையும் அந்த வெள்ளைச் சீட்டையும் எடைக்குப் போட்டுவிடாமல், பில்லின் தெர்மல் தாளில் எழுத்து மங்குமுன் அதைப் படமெடுத்தும் வைத்திருக்க வேண்டும்.