பிரானூர் பார்டரில் அழிந்த கோடு

தென்காசித் தோழர்களே! குற்றாலத்தில் குளித்துவிட்டுப் பரோட்டாவுக்காகப் பிரானூர் பார்டரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறோமே, அது யாருக்கும் யாருக்கும் பார்டர் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

1956 அக்டோபர் 31 வரை அதற்குக் கிழக்கே சென்னை இராச்சியம்; மேற்கே, கூப்பிடு தூரத்துச் செங்கோட்டை, திருவிதாங்கூர்-கொச்சி! இங்கே பேசியதும் தமிழ், அங்கே பேசியதும் தமிழ். ஆட்சி மட்டும் வேறு.

அந்தக் கோட்டை அழிக்க முன்னின்றவர் மார்ஷல் நேசமணி. விளவங்கோட்டுப் பள்ளியாடியில் 1895இல் பிறந்தவர், நாகர்கோவிலில் வக்கீல். அங்கே நீதிமன்றத்தில் மேல்சாதி வக்கீலுக்கு நாற்காலி, மற்றவருக்கு முக்காலியாம்! முக்காலிகளை உதைத்துத் தள்ளினார் என்று இன்றும் சொல்கிறார்கள். சொல்லச் சொல்லக் கதைக்கு மெருகு ஏறியிருக்கலாம். ஆளின் குணம் அதுதான்.

அவர் நம்மவரல்ல, காங்கிரசுக்காரர். அதை மறைப்பானேன்? ஆனால் தமிழர் தாலுகாக்களைக் கேட்டு, மலையாளக் காங்கிரசாரை எதிர்த்துத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு என்று தனியே நின்றார். 1952இல் நாகர்கோவிலில் வென்று தில்லி சென்றார். 1954 ஜூலையில் மூணாறில் தடையை மீறிக் கைதானார்.

அடுத்த மாதம், ஆகஸ்ட் 11. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் ஊர்வலம் வந்த தமிழர் மீது துப்பாக்கி வெடித்தது. சுட்டது யார் ஆட்சி? பட்டம் தாணுப்பிள்ளையின் சோசலிஸ்டு ஆட்சி! ஏழைக்காகக் கட்சி, ஏழைமீதே குண்டு! அவர்கள் கட்சியின் பொதுச் செயலாளர் லோகியாவே, "பதவி விலகு" என்றார். விலகினாரா? இல்லை.

1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் வந்தன. செங்கோட்டை? பாதிதான் வந்தது, ஆரியங்காவுப் பக்கம் அங்கேயே நின்றுவிட்டது.

தேவிகுளமும் பீருமேடும் வரவே இல்லை. காட்டை வெட்டித் தேயிலை வளர்த்த தமிழ்க் கூலிகளை, 'வந்து போகிறவர்கள், குடியிருப்பவர்களல்லர்' என்று வாதிட்டார்கள். உழைத்தவன் தலை எண்ணிக்கையில் சேரவில்லை! பெரியாற்று அணை நிற்பது அந்தப் பீருமேட்டில்தான். 142 அடி தண்ணீர் தேக்கலாம் என்ற தீர்ப்புக்கு 2014 வரை உச்சநீதிமன்றப் படி ஏறினோம்.

நாகர்கோவில் எம்.பி.யாக இருக்கும்போதே, 1968 ஜூன் 1இல் நேசமணி மறைந்தார். செங்கோட்டை இன்று தென்காசி மாவட்டத்தில் ஒரு தாலுகா. கண்டக்டர் மட்டும் இன்னும், "பார்டர் இறங்கு" என்கிறார்.