கைகட்டிப் பார்ப்பதும் ஒரு படிப்பு

ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகள் தண்டவாளம் பார்த்தவன் நான். புஷ் டிராலியில் போகும்போது கண் தண்டவாளத்தில், கை நோட்டுப்புத்தகத்தில். எங்கே ஜல்லி குறைவு, எங்கே பேக்கிங் தளர்வு என்று அங்கேயே குறித்து, கேங்மேனிடம் சொல்லிச் சரிசெய்ய வைப்பதுதான் எங்கள் தொழில். அதனால், பெங்களூரில் எங்கள் பக்கத்து வீட்டுக் கன்னடப் பெண் செய்த காரியம் எனக்கு முதலில் விளங்கவில்லை.

அவள் மனோதத்துவம் எம்.ஏ. படிக்கிறாள். "அங்கிள், உங்கள் பேரனை வாரம் ஒரு மணி நேரம் பார்க்க வரலாமா?" என்று கேட்டாள். மருமகள் சம்மதித்தாள். வந்தாள்; மூலையில் உட்கார்ந்தாள்; பார்த்தாள்; போனாள். நோட்டும் இல்லை, பேனாவும் இல்லை. "இது என்னம்மா படிப்பு?" என்றேன்.

விவரம் சொன்னாள். போலந்து நாட்டவரான எஸ்தர் பிக் என்ற அம்மையார், குழந்தைகளுக்கு மனநல சிகிச்சை அளிக்கக் கற்பவர்களுக்காக 1948-இல் லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் தொடங்கிய முறை இது. குழந்தை பிறந்தது முதல் இரண்டு வயது வரை, வாரம் ஒரு மணி நேரம் அதன் வீட்டிலேயே பார்க்க வேண்டும். அங்கே எழுதக் கூடாது. யோசனை சொல்லக் கூடாது. வீடு திரும்பிய பின் நினைவிலிருந்து எழுதி, ஆசிரியரோடும் சக மாணவர்களோடும் உட்கார்ந்து விவாதிக்க வேண்டும். இவள் வகுப்பில் அதையே சுருக்கி ஆறு மாதமாக வைத்திருக்கிறார்கள்.

ஒரு நாள் பேரன் வீறிட்டு அழுதான். மருமகள் சமையலறையிலிருந்து வரச் சற்று நேரமாயிற்று. அந்தப் பெண்ணுக்குக் கை பரபரத்தது; ஆனால் எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரம் என்னிடம் சொன்னாள்: "அங்கிள், எனக்கு அக்கா மேல் கோபம் வந்தது. நான் எழுதியதைப் படித்துவிட்டு டீச்சர், 'இதில் அம்மாவின் முகம் எங்கே?' என்று கேட்டார். மூன்று பக்கத்தில் அவர் முகம் ஒரு வரியில்கூட இல்லை. நான் எழுதியது என் கோபத்தை மட்டும்தான்."

அன்று முதல் அவள் தாயையும் பார்த்தாள். எனக்குச் சுருக்கென்றது. எண்ணெய் தேய்ப்பது முதல் தாலாட்டு வரை நாங்கள் எல்லோரும் மருமகளுக்குப் பாடம் நடத்தினோமே தவிர, அவள் தூங்கினாளா என்று ஒருவரும் பார்க்கவில்லை. தாய்வீடு திருநெல்வேலியில், இங்கே யாரிடம் சொல்வாள்? பிறகு ஒரு நாள் அவளே சொன்னாள்: "மாமா, எனக்கு எதையும் சொல்லித் தராமல் பக்கத்தில் உட்காருகிறவள் அவள் ஒருத்திதான்."

தாயையும் சேயையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பது மருத்துவர்களும் அறிந்ததே. நம் ஊர் நிம்ஹான்ஸில், பிரசவத்துக்குப் பின் மனநிலை பாதிக்கப்பட்ட தாயைக் குழந்தையோடு சேர்த்தே அனுமதித்துச் சிகிச்சை தரும் பிரிவு 2009 முதல் இயங்குகிறது.

என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது நான் ஜோலார்பேட்டைப் பக்கம் லைனில் இருந்தேன். அவனையும் பார்க்கவில்லை, அவன் அம்மாவையும் பார்க்கவில்லை. பேரன் தயவில் இப்போது கற்கிறேன்.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் வீடுகளில் பச்சைக் குழந்தை இருந்தால், ஒரு மணி நேரம் யோசனை சொல்லாமல் உட்கார்ந்து பாருங்கள். குழந்தையை மட்டுமல்ல, அதைத் தூக்கி வைத்திருப்பவளையும்.