கடல் தெரியாத யன்னல்: ஒரு கவிஞரின் வீடு காப்பாற்றப்பட்ட கதை

1979 ஆம் ஆண்டுத் திகதியிட்டு ஸ்பெயின் வங்கி வெளியிட்ட 500 பெசேத்தா நாணயத்தாளின் முன்பக்கத்தில் ஒரு பெண்ணின் முகம் இருந்தது. பின்பக்கத்தில் ஒரு கல்வீடு. முகம் கவிஞர் ரொசாலியா டி காஸ்த்ரோவினுடையது. வீடு அவர் இறந்த வீடு. சில ஆண்டுகளுக்கு முன்புவரை அவருடைய கலீசிய மொழிக்குப் பாடசாலையிலும் அரச அலுவலகத்திலும் இடம் கொடுக்காத அரசின் பணத்தில் அந்த வீடு எப்படி வந்தது?

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், போர்த்துக்கலுக்கு மேலே இருக்கிறது கலீசியா. அங்கே பட்ரோன் என்ற சிற்றூரில், புகையிரத நிலையத்துக்குக் கிட்ட, மத்தான்சா என்ற இடத்தில் இந்த வீடு நிற்கிறது. மத்தான்சா என்றால் கொன்றொழித்தல் என்று பொருள். பெயர்தான் பயங்கரம். வீடு சாதாரணமானது. இரண்டு தளங்கள், ஒரு தோட்டம், கல்லடுப்புள்ள குசினி.

குசினி, கதிரை, யன்னல் என்று நாம் புழங்கும் சொற்கள் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. கலீசிய மொழி போர்த்துக்கேய மொழியின் உடன்பிறப்பு. இரண்டும் இடைக்காலத்தில் ஒரே மொழியாக இருந்தவை. ஆகவே அந்த வீட்டுக்குள்ளும் இவை கொசிஞா, கதெய்ரா, ஷனேலா என்று ஏறத்தாழ அதே சொற்களாகவே ஒலிக்கும்.

உயிரோடிருப்பவர்களின் விதவைகள்

ரொசாலியா 1837 பெப்ரவரி 24 இல் சந்தியாகோ நகரில் பிறந்தார். தந்தை ஒரு கத்தோலிக்கக் குருவானவர். அதனால் ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர் பெயர் எழுதப்படவில்லை. பெயர் சொல்லக் கூடாத ஒரு குழந்தையாகத்தான் அவர் வளரத் தொடங்கினார்.

அக்காலத்தில் கலீசிய மொழியும் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. வயலிலும் கடற்கரையிலும் பேசப்பட்டது. எழுத்தில், தேவாலயத்தில், நீதிமன்றத்தில் காஸ்தீலிய ஸ்பானிய மொழியே ஆட்சி செய்தது. 1863 இல் ரொசாலியா ‘கந்தாரெஸ் கல்யேகோஸ்’ என்ற கவிதைத் தொகுப்பை முழுவதும் கலீசிய மொழியில் வெளியிட்டார். அந்த மொழியின் மறுமலர்ச்சி இந்த நூலில் தொடங்கியதாகவே இலக்கிய வரலாற்றில் கொள்ளப்படுகிறது. கணவர் மனுவேல் முர்கியா கலீசியாவின் வரலாற்றை எழுதியவர். 1906 இல் தொடங்கப்பட்ட கலீசிய அக்கடமியின் முதல் தலைவரும் அவரே.

வறுமை அந்த மண்ணின் ஆண்களைக் கப்பல் கப்பலாகக் கியூபாவுக்கும் ஆர்ஜென்டினாவுக்கும் கொண்டுபோனது. இன்றும் ஆர்ஜென்டினாவில் எந்த ஸ்பானியரையும் ‘கல்யேகோ’ என்று அழைக்கும் வழக்கம் இருக்கிறது. 1880 இல் வந்த ‘ஃபோல்யாஸ் நோவாஸ்’ நூலை ரொசாலியா ஹவானாவில் இருந்த கலீசியர்களின் உதவிச் சங்கத்துக்குச் சமர்ப்பித்தார். அதன் இறுதிப் பகுதிக்கு அவர் வைத்த தலைப்பு ‘உயிரோடிருப்பவர்களின் விதவைகளும் இறந்தவர்களின் விதவைகளும்’. போன கணவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் வயலையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு காத்திருந்த பெண்களுக்கு அதுவரை ஒரு பெயர் இருக்கவில்லை. இறந்தவர்களின் விதவைகளுக்கு முன்னால் அவர்களை நிறுத்திப் பெயர் கொடுத்தவர் ரொசாலியா.

எரித்த தாள்கள்

அவரை ஒரு சிலையாக்கிப் பார்ப்பவர்கள் ஒரு விடயத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள். 1881 இல், கலீசியக் கரையோரத்தின் பழைய வழக்கமொன்றைப் பற்றி ஒரு மாட்ரிட் பத்திரிகையில் அவர் எழுதினார். நெடுநாள் கடலில் இருந்து வரும் மாலுமிக்கு வீட்டுப் பெண்ணொருத்தியுடன் இரவைக் கழிக்க இடங்கொடுக்கும் வழக்கம் அது. எங்கள் மானத்தைக் கெடுத்துவிட்டாள் என்று சொந்த மண்ணின் பத்திரிகைகளே அவர் மீது பாய்ந்தன. இனிக் கலீசிய மொழியில் எழுதப்போவதில்லை என்று அவர் கணவருக்குக் கடிதம் எழுதினார். 1884 இல் வந்த கடைசிக் கவிதை நூல் காஸ்தீலிய மொழியில்தான் இருந்தது.

மத்தான்சா வீட்டில் அவர் கழித்தவை இந்தக் கடைசி ஆண்டுகள். கருப்பைப் புற்றுநோய் முற்றியிருந்தது. அச்சேறாத கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடும்படி பிள்ளைகளிடம் சொன்னார். அவர்கள் எரித்தார்கள். 1885 ஜூலை 15 இல் இறக்கும்போது, கடலைப் பார்க்க வேண்டும், யன்னலைத் திற என்று கேட்டதாகச் சொல்லப்படுகிறது. அந்த வீட்டிலிருந்து கடல் தெரியாது.

அனுமதிக்கப்பட்ட ஒரே கதவு

முதலில் அயலூர் மயானத்தில் அடக்கப்பட்ட உடல், 1891 இல் சந்தியாகோவின் சந்தோ தொமிங்கோ ஆலயத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1936 ஜூன் 28 இல் கலீசியர்கள் தன்னாட்சிக்கு வாக்களித்தார்கள். மூன்று வாரங்களில் இராணுவக் கிளர்ச்சி வெடித்தது. தன்னாட்சிக்காக உழைத்த அலெக்சாந்த்ரே பொவேதா ஆகஸ்ட் 17 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். எழுத்தாளரும் ஓவியருமான கஸ்தெலாவ் நாடு திரும்ப முடியாமல் 1950 இல் புவனஸ் அயர்ஸில் இறந்தார். ஆட்சியைப் பிடித்த பிராங்கோவும் ஒரு கலீசியர்தான்.

கட்சி இல்லை, கூட்டம் இல்லை. ஆனால் இறந்துபோன ஒரு பெண் கவிஞரை நினைவுகூருவதைத் தடுக்க அந்த ஆட்சிக்குச் சுலபமான காரணம் இருக்கவில்லை. மிஞ்சியிருந்தவர்கள் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார்கள். 1947 இல் ரொசாலியாவின் பெயரில் ஓர் அறக்கட்டளை உருவானது. அவருடைய வீட்டை நினைவில்லமாக்குவது அதன் முதன்மையான வேலை. கலீசிய தினமான ஜூலை 25 இல், அவர் கல்லறை இருக்கும் ஆலயத்தில் அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. திருப்பலிக்கு வந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். 1963 இல், ‘கந்தாரெஸ் கல்யேகோஸ்’ நூலின் நூற்றாண்டைக் காரணம் காட்டி, மே 17 ஐக் கலீசிய இலக்கிய தினமாக அக்கடமி அறிவித்தது. வீடு 1970களின் தொடக்கத்தில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. பிள்ளைகளில் கடைசியாக உயிரோடிருந்த காலா 1964 இலேயே காலமாகியிருந்தார். பேரப்பிள்ளைகள் எவரும் இல்லை.

இன்று கலீசிய மொழி அங்கே அரச மொழிகளில் ஒன்று. மே 17 பொது விடுமுறை. ஆனாலும் நகரங்களில் பிள்ளைகள் பெரும்பாலும் ஸ்பானிய மொழியில்தான் பேசுகிறார்கள். அந்தக் கவலை அங்கே தீரவில்லை. 500 பெசேத்தா நாணயத்தாளும் இப்போது புழக்கத்தில் இல்லை. வாரிசு இல்லாத அந்த வீட்டை இன்றும் அதே அறக்கட்டளைதான் பராமரிக்கிறது. எரித்த தாள்கள் திரும்பி வராது. அந்தக் குசினியும், கடல் தெரியாத அந்த யன்னலும் இருக்கின்றன.