பனியில் ஓடிய குட்டி லாரி

“சித்தி, லாரிக்கு டயர் வாங்கப் போகிறேன். நீயும் வருகிறாயா?”

பன்னிரண்டு வயதுப் பிள்ளை இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் திக்கென்று இராது? நம் ஊரில் லாரிக்கு டயர் வாங்குவதென்றால் மனைவியின் வளையல் மார்வாடிக் கடைக்குப் போகவேண்டிய சமாசாரம். நல்ல வேளை, என் அக்காள் மகன் சொன்ன லாரி ஒரு முழத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்! கையிலே ஒரு ரேடியோக் கருவியை வைத்துக்கொண்டு, அதில் உள்ள விசையை அமுக்கினால், ஐம்பது கஜத்துக்கு அப்பாலிருந்தும் சொன்னபடி கேட்டு ஓடும். (இந்தக் குணம் உள்ள பிள்ளைகளைத்தான் காணோம்.)

கானடாவில் டொரான்டோ நகரின் கிழக்கே ஸ்கார்பரோ என்று ஒரு பகுதி. இலங்கைத் தமிழர்கள் நிறையக் குடியேறியிருக்கும் இடம். அக்காளும் அத்தானும் அங்கேதான் இருக்கிறார்கள். நான் போயிருந்தது 2025-ம் வருஷம் பிப்ரவரியில். அந்த மாதம் பனி கொட்டு கொட்டென்று கொட்டிற்று. அண்டை வீட்டு வாசல்களில் பனியை வாரித் தள்ளி, பையன் கொஞ்சம் பணம் சேர்த்திருந்தான். அதை எந்த டயரில் போடுவது என்பதுதான் வீட்டிலே அந்த வாரத்துப் பெரிய பிரச்னை.

லாரியோடு வந்த டயர்கள் கோடைக்கு ஏற்றவை. வாசலில் இறக்கியதும் நின்ற இடத்திலேயே சக்கரம் சுழன்றதே தவிர, வண்டி நகரவில்லை. ஏன் என்று நான் கேட்டேன். அவன் விளக்கினான். எனக்கு உடனே புரிந்துவிட்டது. மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய் என்ன ஆகிறது? கல்லாக உறைந்துவிடுகிறதல்லவா? ரப்பரும் ஏறக்குறைய அப்படித்தான். குளிர் ஏற ஏற இறுகிப் போகிறது. இறுகின ரப்பர் தரையோடு ஒட்டி வளைந்து கொடுக்காது, வழுக்கும். ஆகையால் பனிக்கு வாங்குகிற டயரைக் கடையிலேயே விரலால் அமுக்கிப் பார்க்கவேண்டும். கத்தரிக்காய் வாங்கிப் பழகிய கைகளுக்கு இது ஒரு வித்தையா?

கடைக்காரர் தலை நரைத்த மனிதர். பையன் வாயைத் திறப்பதற்கு முன்பே, “எதன் மேலே ஓட்டப் போகிறாய்?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. பனி என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அங்கே அது பல ஜாதி.

புதிதாகப் பெய்த பொலபொலவென்ற பனி ஒன்று. மாவு சலித்துக் கொட்டினாற்போல் இருக்கும். அதற்குத் துடுப்பு டயர் என்று ஒன்று உண்டு. சுற்றிலும் அகப்பை மாதிரி மடல்கள். அவை பனியை வாரிப் பின்னால் எறிந்துகொண்டே வண்டியை முன்னால் தள்ளும். அகலமாகவும் இருப்பதால், எடை குறைந்த வண்டி புதையாமல் மேலாக மிதந்து போகும். ஆனால் மோட்டாருக்குச் சுமை அதிகம். வெளியே எலும்பை உறைய வைக்கும் குளிர். உள்ளே மோட்டார் தோசைக் கல்லாகக் கொதிக்கும்! அடிக்கடி நிறுத்தித் தொட்டுப் பார்க்காவிட்டால் கருகிவிடும்.

ஆட்கள் நடந்து நடந்து இறுகிப்போன பனி இன்னொன்று. அதற்கு நெருக்கமாகச் சிறு முளைகள் உள்ள மிருதுவான டயர் போதும். முளைகளுக்கு நடுவே பனி அடைத்துக்கொள்ளும். அடைத்த பனி தரைப் பனியைப் பற்றிக்கொள்ளும்.

மூன்றாவதுதான் பொல்லாதது; கண்ணாடி போன்ற பனிக்கட்டி. அதில் துடுப்பும் முளையும் ஜம்பம் சாயாது. ஆணிதான் வேண்டும். கடும் குளிரில் இருக்கும் கட்டியைவிட, உருகப் போகிற நிலையில் உள்ள கட்டிதான் அதிகம் வழுக்குமாம். மேலே ஈரம் படர்ந்துவிடுகிறதல்லவா?

பையனிடம் இருந்த பணம் ஒரு ஜோடனைக்குத்தான் காணும். முளை டயரை வாங்கிக்கொண்டான். பழைய டயர்களை என்ன செய்தான் தெரியுமா? ராத்திரி உட்கார்ந்து, உள்பக்கத்திலிருந்து சின்னச் சின்னத் திருகாணிகளை முடுக்கி, முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்துவிட்டான். இந்த டயர்களுக்குள் காற்றுக் கிடையாது. பஞ்சு போன்ற ஸ்பாஞ்சு வளையம்தான் இருக்கிறது. திருகாணித் தலை அதைக் கிழிக்காமலிருக்க நடுவே பட்டைத் துணி நாடா ஒட்டினான். அக்காளின் தையல் பெட்டியிலிருந்து நாடா காணாமற்போன மர்மம் அன்றுதான் துலங்கிற்று!

மறுநாள் ஆணி டயர் அபாரமாக ஓடிற்று. வாசலிலே ஓடினால் போதாதா? வீட்டுக்குப் பின்புறம் மழை நீர் வந்து சேரும் குளம் ஒன்று உண்டு. உறைந்து வெள்ளித் தாம்பாளம் மாதிரி கிடந்தது. கரையில் நின்றபடியே அதன் மேல் ஓட்டினான். பதினைந்து கஜம் போயிருக்கும். லாரி டக்கென்று நின்றுவிட்டது. விசையை அமுக்கினான், அசையவில்லை. குளிரில் பாட்டரியின் சக்தி சட்டென்று இறங்கிவிடும் என்பதை அவன் மறந்துவிட்டான். அதைச் சட்டைப் பைக்குள் கதகதப்பாக வைத்திருந்து, ஓட்டும் சமயத்தில்தான் மாட்டவேண்டுமாம்.

பையன் என் முகத்தைப் பார்த்தான், லாரியைப் பார்த்தான். ஒரு காலை எடுத்து வைத்தே விட்டான். எனக்குக் குரலே எழும்பவில்லை. அடுத்த வீட்டு யாழ்ப்பாணத்து அம்மாள்தான் வேலிக்கு அப்பாலிருந்து கத்தினாள்: “தம்பி! ஐஸுக்கு மேலை கால் வையாதை! சாமான் போனால் வேறை வாங்கலாம்!”

பிறகு அவளே சொன்னாள். நடக்க வேண்டுமானால் நல்ல கெட்டிப் பனிக்கட்டி நாலு அங்குலமாவது இருக்கவேண்டும். மேலே பார்த்து அதைச் சொல்ல முடியாது. அதுவும் மழை நீர்க் குளங்களை நம்பவே கூடாது. தெருவில் பனி உருகத் தூவுகிற உப்பெல்லாம் அங்கே வந்து சேருகிறது. அடியிலே தண்ணீரும் ஏறி இறங்குகிறது. ஓரிடத்தில் ஓரடி கனம், பக்கத்திலேயே அப்பளம்!

“ஆறு மாதமாகச் சேர்த்தேன், சித்தி” என்றான் பையன். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

அந்த அம்மாள் உள்ளே போய்க் கணவருடைய மீன் தூண்டிலை எடுத்து வந்தாள். நுனியில் ஒரு டென்னிஸ் பந்தைக் கட்டினாள். லாரிக்கு அப்பால் போய் விழும்படி வீசி, மெள்ளச் சுற்றி இழுத்தாள். முதல் தடவை தவறிற்று, இரண்டாவதும் தவறிற்று. ஐந்தாவது தடவை நூல் போய் முன் சக்கரத்து ஆணிகளில் சிக்கிக்கொண்டது. ஆணி டயரால் இப்படியும் ஒரு பிரயோஜனம் இருப்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை! லாரி மல்லாந்தபடி சறுக்கிக்கொண்டு கரை வந்து சேர்ந்தது.

வீட்டுக்குள் கொண்டுவந்த பிறகும் வேலை இருந்தது. சக்கரத்தில் காற்றுப் போக உள்ள சிறு துவாரங்கள் வழியே ஈரம் புகுந்து, ஸ்பாஞ்சு நனைந்து உறைந்து போயிருந்தது. அப்படியே மறுபடி ஓட்டினால் வண்டி தூக்கித் தூக்கிப் போடும். துவாரங்களை முன்பே ஒட்டி மூடியிருக்கவேண்டுமாம். பாட்டரியையும் உடனே சார்ஜில் போடக்கூடாது. சில்லிட்டிருக்கையில் மின்சாரம் ஏற்றினால் கெட்டுவிடும். அது அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்தார்கள். இரும்புப் பாகங்கள் துருப்பிடிக்காமலிருக்க, அக்காள் தலை உலர்த்தும் யந்திரத்தைக் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல், தானே உட்கார்ந்து ஒவ்வொரு சக்கரமாக உலர்த்தினாள்.

உலர்த்திக்கொண்டே அத்தானைப் பார்த்து, “நம் காருக்குப் பனி டயர் மாட்டியாயிற்றா?” என்றாள்.

“க்யூபெக் மாகாணத்தில்தான் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டப்படி கட்டாயம். நம் ஒன்டாரியோவில்...” என்று ஆரம்பித்தார் அத்தான்.

அக்காள் யந்திரத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அத்தான் டெலிபோனை எடுத்தார்.